தீவகத்து நன்னீரும் புள்ளிவிபரவியலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்கு நீரிணையிற் பரந்து கிடக்கும் தீவுகளை நாற்புறமும் நீர் சூழ்ந்துள்ளது. குடித்தற்குரிய நீரோ அங்கு அரிது. வேலணைத் தீவும், அதன் வடமேற்கு முனையில் அமைந்த ஊர்காவற்றுறையும், புங்குடுதீவும், நயினாதீவும், அனலைதீவும், எழுவைதீவும், யாவற்றினும் தொலைவாகத் தென்மேற்கே கிடக்கும் நெடுந்தீவும் ஆறும் மலையும் இல்லாதன. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே இவற்றின் முதற்பெருஞ் செல்வம். அம்மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிற் பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் மக்கள் நிலத்தடியிலே தங்கிய நீரை நம்பியே வாழ்கின்றனர். நெடுந்தீவிலே கடுங்கோடை வருங்காலத்து, அங்கு கட்டின்றித் திரியும் குதிரைகளும் நீரின்றி மடிவதுண்டு.

இத்தகைய இடங்களில் உவர்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் இன்று பெருந்துணை புரிகின்றன. நிலையம் ஒன்றை நிறுவுதல் ஒரு வேலை. அது தன் கடமையைச் செவ்வனே செய்கின்றதா என்று அறிதல் பிறிதொரு வேலை. முன்னையது பொறியியலின் பாற்பட்டது. பின்னையதற்குப் புள்ளிவிபரவியலின் துணை இன்றியமையாதது. அத்துணை எவ்வாறு அமையும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னீர் வில்லை

தீவகத்தின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லாகும். அது வெடிப்புகளும் குடைவுகளும் நிறைந்தது. நிலத்திற் சுவறும் மழைநீர், அக்கல்லிடையே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லை போன்று மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1.000 எனின் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். இவ்வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்பின், கடல்மட்டத்துக்குக் கீழே அது நாற்பதடி வரை ஆழ்ந்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபென், கேர்ட்சுபேர்க் என்னும் இருவரும் தனித்தனியே கண்ட உண்மை இது.

இதன் மறுபக்கம் அச்சம் தருவது. இறைப்பினால் நன்னீர் மட்டம் ஓரடி தாழுமாயின், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலெழ முயலும். கல்லிலுள்ள குடைவுகள் இருநீரையும் கலக்கச் செய்தலால், உண்மையில் நன்னீர்க்கும் உவர்நீர்க்கும் இடையே கூரிய எல்லை இல்லை. சவர் நீர்ப்படை ஒன்றே உண்டு. வேலணையிற் சாட்டி போன்ற மணற்பாங்கான இடங்களிலும், நெடுந்தீவிற் சாராப்பிட்டியிலும் நல்ல தண்ணீர்க் கிணறுகள் அமைந்திருப்ப, அவற்றுக்குச் சிறிது தொலைவிலேயே வாய்வைக்கவொண்ணாத சவர்க் கிணறுகள் காணப்படுதற்கு இதுவே காரணம்.

குடாநாட்டின் நீர்க்குறையைத் தீர்க்க அறிஞர் பலகாலம் சிந்தித்துள்ளனர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்கள் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீரேரியாக்கி, அந்நீரை வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொணரும் திட்டத்தை வகுத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என அது பெயர் பெற்றது. பின்னாளில் இரணைமடுக் குளத்து நீரைக் கொணரும் எண்ணம் எழுந்து, கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பினால் மாற்றப்பட்டது. அதற்கீடாக வடமராட்சி கிழக்கிலே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் நிறுவப்பெற்று, 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. தீவுகளிலோ கிணற்றுச் சவர்நீரையோ கடல்நீரையோ சிறிய அளவில் நன்னீராக்கும் நிலையங்கள் பயன்படுகின்றன.

நிலையத்தின் தொழில்

இந்நிலையங்கள் கையாளும் முறை எதிர்ப் பிரசாரணம் எனப்படும். மக்கள் அதனை ‘ஆர்.ஓ.’ என்றே வழங்குவர். நீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் மென்சவ்வு ஒன்றின் இருபுறமும் நன்னீரும் உவர்நீரும் இருப்பின், இயல்பாக நன்னீரே உவர்நீரை நோக்கிச் செல்லும். உவர்நீர்மீது போதிய அமுக்கத்தைச் செலுத்தினால் இச்செலவு திரும்பி, உவர்நீரிலிருந்து நன்னீர் பிரிந்து வரும். கடல்நீர்க்கு இவ்வியற்கை அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு. சவர்நீர்க்கு அது மிகக் குறைவு. இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் அவர்களும் சிட்னி லோப் என்பாரும் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தில், 1960 ஆம் ஆண்டையொட்டி ஆக்கிய செலுலோசு அசற்றேற்று மென்சவ்வே இம்முறையை ஆய்வுகூடத்தினின்றும் ஊருக்குக் கொணர்ந்தது. 1965 இற் கலிபோணியாவிலுள்ள கோலிங்கா என்னும் சிற்றூருக்கு இம்முறையால் முதன்முதலாகக் குடிநீர் வழங்கப்பட்டது.

வினைத்திறன் யாது?

உட்புகும் நீரிலுள்ள உப்பில் எத்துணை வீதம் தடுக்கப்படுகின்றது என்பதே நிலையத்தின் வினைத்திறன் எனப் பொதுவாகக் கூறுவர். எளிய இவ்வரைவிலக்கணத்தில் இரு மயக்கங்கள் உள.

முதலாவது மயக்கம், வீதம் ஒன்றே நீரின் தரத்தைக் காட்டும் என்று எண்ணுவது. கணக்கின் பொருட்டு ஒரு நிலையம் 95 வீதம் உப்பைத் தடுப்பதாகக் கொள்க. மாரியிற் கிணற்று நீரிலே இலீற்றருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைட்டு இருப்பின், வெளிவரும் நீரில் 100 மில்லிகிராமே இருக்கும். கோடையில் அதே கிணற்றில் 6,000 மில்லிகிராம் இருப்பின், வெளிவரும் நீரில் 300 மில்லிகிராம் இருக்கும். குடிநீருக்கு ஏற்கப்பட்ட எல்லை 250 மில்லிகிராம். நிலையத்தின் வினைத்திறன் அணுவளவும் குறையவில்லை. ஆயினும் குடத்திலே வார்த்த நீர் எல்லையைக் கடந்துவிட்டது. ஆதலின் வீதத்தையும் வெளிவரும் அளவையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது மயக்கம் தடுக்கப்பட்ட உப்பையே எண்ணுவதால் வருவது. 98 வீதத்திலிருந்து 96 வீதமாகத் தடுப்புக் குறைந்தது என்றால், இழப்பு அற்பமெனத் தோன்றும். தப்பிச்செல்லும் உப்பை எண்ணினாலோ அது 2 வீதத்திலிருந்து 4 வீதமாக, அஃதாவது இருமடங்காக, உயர்ந்துவிட்டது. மென்சவ்வு பழுதுறுவதை முன்னறிய விரும்புவோர் தப்பிய உப்பின் வீதத்தையே பதிவு செய்தல் நன்று.

சராசரியின் மயக்கம்

ஆண்டு முழுவதும் எடுத்த அளவுகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அச்சராசரி எல்லைக்குட்பட்டது என அறிவித்தல் வழக்கம். ஆனால் தீவிலே வாழும் தாய் ஒருத்தி தன் குழந்தைக்குச் சராசரி நீரை ஊட்டுவதில்லை. அன்றன்று கிடைத்த நீரையே ஊட்டுகின்றாள். நிலப்பரப்பில் ஒரு நிலையம் பழுதுற்றால் அயலூரிலிருந்து பவுசர் வரும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகு, கடல் கொந்தளிக்கும் நாட்களிற் போகவியலாது நின்றுவிடும். ஆகவே தீவு நிலையத்துக்குச் சராசரியினும், மோசமான நாட்கள் எத்துணை என்பதே முதன்மையான வினாவாகும்.

அவ்வினாவுக்கு விடை காண நியம விலகல் உதவும். அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதை அது காட்டும். நியம விலகலைச் சராசரியால் வகுக்கக் கிடைப்பது மாறற் குணகம். நீரிலுள்ள பொருள்களின் செறிவு பூச்சியத்துக்குக் கீழே செல்லாது. மேலேயோ சிற்சில நாட்களில் மிகவுயரும். இவ்வியல்புடைய அளவுகளின் மடக்கைகளே பெரும்பாலும் செவ்வன் பரம்பலைத் தழுவும். இதனை அடிப்படையாகக் கொண்டு, கழிவுநீர் நிலையங்களின் பொருட்டு 1979 இல் நிக்கூ என்பாரும் அவர்தம் கூட்டாளரும் நம்பகக் குணகம் ஒன்றை வகுத்தனர். அது குடிநீர் நிலையங்களுக்கும் பொருந்தும்.

அதன் பயனை ஓர் எண்ணால் விளக்கலாம். நூறு நாட்களில் 95 நாட்களாவது குளோரைட்டு 250 மில்லிகிராமுக்குட்பட வேண்டும் எனக் கொள்க. மாறற் குணகம் 0.3 ஆயின், நிலையத்தின் சராசரி ஏறத்தாழ 161 மில்லிகிராமாக இருத்தல் வேண்டும். மாறற் குணகம் 0.6 ஆயின், சராசரி 117 மில்லிகிராம் வரை தாழ்ந்திருத்தல் வேண்டும். ஒழுங்காக இயங்கும் நிலையத்துக்கு 160 என்ற சராசரி பாதுகாப்பானது. தாறுமாறாக இயங்கும் நிலையத்துக்கு அதே சராசரி ஆபத்தானது. சீராக இயங்குதலும் வினைத்திறனின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும்.

காரணங்களைப் பிரித்தறிதல்

வெளிவரும் நீரின் தரமும் அளவும் பல காரணங்களால் மாறுகின்றன. கிணற்று நீரின் உவர்ப்பு, வெப்பநிலை, அமுக்கம், மென்சவ்வின் வயது என்பன அவற்றுட் தலையாயவை. இவை ஒருங்கே மாறுங்கால், எது எவ்வளவு விளைவைத் தந்தது என்று கண்ணாற் கண்டு கூறுதல் இயலாது. இங்கேதான் புள்ளிவிபர மாதிரியுரு துணைக்கு வருகின்றது. பிற்செலவுப் பகுப்பாய்வு என்னும் முறையிலே, வெளிவரும் அளவு ஒருபுறமும், காரணங்கள் ஒவ்வொன்றும் தத்தம் குணகத்தோடு மறுபுறமும் ஒரு சமன்பாடாக அமைக்கப்படும். அளந்தறிந்த பெறுமானங்களுக்கும் சமன்பாடு கூறும் பெறுமானங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகச் சிறிய தொகை வருமாறு குணகங்கள் தெரிவு செய்யப்படும். 1805 இல் இலெசாந்தர் வெளியிட்ட இழிவு வர்க்க முறை இதுவே.

இதன் பயனுக்கு வெப்பநிலை நல்ல எடுத்துக்காட்டு. நீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு குறைய, மென்சவ்வினூடே வரும் நீரின் அளவு ஏறத்தாழ 3 வீதம் குறையும். வெயிற்காலத்துக்கும் மார்கழி மாதத்துக்கும் இடையே ஐந்து பாகை வேறுபாடு இருப்பின், நீர்வரவு ஏறத்தாழ 15 வீதம் குறைதல் இயல்பே. இதனை உணராதவர் மென்சவ்வு அடைபட்டதெனக் கருதி, நல்ல மென்சவ்வைக் கழற்றி எறிந்து வீண்செலவு செய்வர். இதற்கு மாறாக, சித்திரை மாதத்து வெப்பம் நீர்வரவைக் கூட்டி, உண்மையாகவே அடைபட்டு வரும் மென்சவ்வின் குறையை மறைத்துவிடவும் கூடும். வெப்பநிலையின் விளைவைக் கழித்த பின்னரே மென்சவ்வின் உண்மை நிலை புலனாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தீவகத்திலே வெப்பம் கூடும் மாதங்களிற் கிணற்றின் உவர்ப்பும் கூடுகின்றது. இரண்டும் கைகோத்து மாறுதலால், சில மாத அளவுகளை மட்டும் கொண்டு அவற்றின் விளைவுகளைப் பிரித்தல் இயலாது. கணக்கு ஏதோ ஒரு குணகத்தைத் தரும்; அக்குணகம் நம்பத்தக்கதன்று. மாரியும் கோடையும் அடங்க ஓராண்டேனும் அளந்த பின்னரே முடிவு கூறல் வேண்டும். இருவேறு உவர்ப்புடைய கிணறுகளை மாறிமாறிப் பயன்படுத்தி அளத்தலும் ஒரு வழியாம்.

நாள்தோறும் காவல்

மாதிரியுரு ஆண்டுக்கொருமுறை பார்த்து மூடிவைக்கும் ஏடன்று. நாள்தோறும் காவல் செய்ய வேண்டியது. அமெரிக்க நாட்டுப் பெல் தொலைபேசி நிறுவனத்திலே 1924 இல் வால்ற்றர் சூகாட் என்பார் வரைந்த கட்டுப்பாட்டு வரைபு இதற்குத் தக்க கருவி. சராசரியைக் குறிக்கும் நடுக்கோடு ஒன்றும், அதற்கு மேலும் கீழும் மூன்று நியம விலகல் தொலைவில் எல்லைக்கோடுகள் இரண்டும் வரையப்படும். நாளாந்த அளவு எல்லைக்குள் நிற்கும்வரை அதன் ஏற்றத்தாழ்வு இயல்பானது. எல்லையைக் கடப்பின் தனிக்காரணம் ஒன்றைத் தேட வேண்டும். செவ்வன் பரம்பலில் இவ்வெல்லை தற்செயலாகக் கடக்கப்படுதற்கான நிகழ்தகவு பதினாயிரத்தில் 27 ஆகும். நாளுக்கு ஓர் அளவு எடுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பொய்யெச்சரிக்கையே எழும். இவ்வரைபுக்குக் கணினி வேண்டியதில்லை. கட்டத்தாளும் பென்சிலும் போதும்.

சிலவேளை ஒவ்வோர் அளவும் தன் எல்லைக்குள் நிற்ப, அவை சேர்ந்து நிற்கும் முறை மட்டும் பிறழ்ந்திருக்கும். அமுக்கம் சிறிது கூடியிருக்க நீர்வரவு சிறிது குறைந்திருத்தல் அத்தகையது. இரண்டையும் தனித்தனி நோக்கின் குறையில்லை. சேர்த்து நோக்கின் அடைப்புத் தொடங்கியமை தெரியும். இத்தகைய பல அளவுகளை அவற்றின் இணைபோடு ஒருங்கே எடைபோடும் வழியை, இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தைத் தோற்றுவித்த மகலனோபிசு அவர்கள் 1936 இல் வெளியிட்ட ‘தொலைவு’ என்னும் அளவை காட்டுகின்றது.

நாளாந்த அளவுகள் ஒன்றையொன்று சாராதன அல்ல என்பதையும் மறத்தலாகாது. இன்று உவர்ந்த கிணறு நாளையும் உவர்ந்தே இருக்கும். அடுத்தடுத்த நாட்களின் இணைபு 0.8 ஆயின், 90 நாட்களின் அளவுகள் சராசரியைத் துணிதற்குத் தரும் செய்தி, சார்பற்ற 10 அளவுகள் தரும் செய்திக்கே ஒப்பாகும். தொண்ணூறு அளவுகள் உண்டென்ற துணிவிலே வெளியிடப்படும் முடிவு, உண்மையிற் பத்து அளவுகளின் வலிமையே உடையதாதல் கூடும்.

பூச்சியத்தின் பொருள்

உப்பு நாவிற்குத் தெரியும், நோய்க்கிருமி தெரியாது. மலக்குடற் பற்றீரியா 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஒன்றேனும் இருத்தலாகாது என்பது விதி. முப்பது மாதிரிகளைச் சோதித்து ஒன்றிலும் பற்றீரியா இல்லையெனின் நீர் முற்றும் தூயது என்று கூறலாமா? கூறலாகாது. எண்ணிக்கையால் மூன்றை வகுத்துக்கொள்ளும் எளிய விதி ஒன்றுண்டு. முப்பது மாதிரிகளும் குற்றமற்றனவாயின், குற்றமுள்ள நீரின் வீதம் 10 வரை இருத்தல் கூடும் என்பதை, 95 வீத உறுதியோடு கூறும் மேலெல்லையாகக் கொள்ளல் வேண்டும். அம்மேலெல்லையை 5 வீதமாகக் குறைக்க 60 மாதிரிகள் வேண்டும். ‘ஒன்றும் காணப்படவில்லை’ என்பதற்கும் ‘ஒன்றும் இல்லை’ என்பதற்கும் இடையேயுள்ள தொலைவை இவ்விதி அளந்து காட்டுகின்றது. மழைக்கால வெள்ளம் மலக்குழி நீரைக் கிணற்றுக்குக் கொணரும் நாட்களை விடுத்து, வசதியான வெயில் நாட்களில் மட்டும் மாதிரி எடுத்தால், அறுபது மாதிரிகளும் பயனற்றனவாம்.

கிணற்றையும் சேர்த்தெண்ணல்

நிலையத்தின் சுவர்களுக்குள்ளே மட்டும் வினைத்திறனைத் தேடுவது பெருந்தவறு. உட்செல்லும் சவர்நீரில் 40 வீதமே நன்னீராகுமெனக் கொள்க. 10 கனமீற்றர் குடிநீர் பெற 25 கனமீற்றர் நீர் இறைக்க வேண்டும். எஞ்சிய 15 கனமீற்றர், முன்னிருந்த உவர்ப்பிலும் ஏறத்தாழ 1.67 மடங்கு உவர்ப்போடு வெளியேறும். வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் மீது அதனை ஊற்றினால், அது மீளவும் நிலத்தடி நீரையே சென்றடையும். மிகையான இறைப்பினால் அடியிலுள்ள உவர்நீரும் மேலெழும். அந்நிலையில் நிலையத்தின் ஏடு ஆண்டுதோறும் 95 வீத வினைத்திறனைக் காட்டிக்கொண்டிருக்கவே, அயலிலுள்ள வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாகச் சவராகிவிடும். நிலையம் வெற்றி பெற்றதாகவும் தீவு தோற்றதாகவும் முடியும்.

ஆகவே மாதிரியுருவிலே கிணற்றின் நீர்மட்டமும், அயற்கிணறுகளின் மின்கடத்துதிறனும், மழைவீழ்ச்சியும், இறைத்த அளவும் இடம்பெறுதல் வேண்டும். ஒரே மழை பெய்த ஈராண்டுகளிற் பின்னைய ஆண்டின் கிணறு அதிகம் உவர்க்குமாயின், மழைமீது பழி சுமத்தவியலாது. இறைப்பையே ஆராய வேண்டும். மழையின் விளைவையும் மனிதரின் விளைவையும் பிரித்துக் காட்டுதலே இங்கு புள்ளிவிபரவியல் ஆற்றும் தலையாய பணி.

முடிவுரை

இவற்றுக்கெல்லாம் அடிப்படை நாள்தவறாது எழுதப்பட்ட குறிப்பேடு ஒன்றே. நாளும் நேரமும், கிணற்று நீரினதும் வெளிவரும் நீரினதும் மின்கடத்துதிறன், வெப்பநிலை, அமுக்கம், நீர்வரவு, கழிவுநீரின் அளவு ஆகிய சிலவற்றை ஒழுங்காகப் பதிந்தால் போதும். பொறி நின்ற நாட்களையும் மறையாது எழுதுதல் வேண்டும். அந்நாட்களை நீக்கிவிட்டுக் காணும் சராசரி பொய்ச்சான்று பகரும். அளவுகளை நிலையத்தின் வாயிலில் யாவரும் காண எழுதி வைப்பின், நீர் கொள்ள வருவோரும் தாம் குடிப்பது யாதென அறிவர்.

கணிதமும் இரசாயனமும் புவியியலும் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த செய்முறைப் பாடம் கிடைத்தல் அரிது. தீவுப் பள்ளி ஒன்றின் மாணவர், தம் ஊர்க் கிணறுகள் இருபதனை மாதந்தோறும் ஒரே நாளில் அளந்து வருவாராயின், மூன்றாண்டுகளில் அவ்வூரின் நிலத்தடி நீர் எத்திசையிற் செல்கின்றது என்பதைச் சான்றோடு கூறவல்லவராவர். நன்னீர் வில்லை கண்ணுக்குப் புலப்படாதது. அது தேய்வதும் புலப்படாது. கிணறு முற்றும் உவர்த்த பின்னர் அதனை மீட்க மழைக்காலங்கள் பல வேண்டும். உவர்ப்பதன் முன்னரே அதனை அறிவிக்கும் ஆற்றல், ஒழுங்காக எழுதிச் சீராக ஆராய்ந்த எண்களுக்கு உண்டு.